புலிக்கு விட்ட சாபம்

"நாளைக்கு மல்யுத்தத்துல இவரோட மோதப்போற அந்த ஈரான் புலிக்குக் கை வெளங்காமப் போவட்டும்!" கணவன் காசிராஜனின் சுளுக்கிய தோளைப் பார்த்துப் பொருமினாள் அன்னத்தாய்.

எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த பக்கத்துச் சந்து பிச்சை பதறினான். "அரே மைனி, சாபம் விடாதீங்க. அவனும் பிள்ளகுட்டிக்காரன்."

"நீங்க இல்லன்னா இவரு கதி என்ன கொழுந்தனாரே!" என்று ஆட்டுக்கால் சூப்பை அவனுக்கும் ஊற்றினாள். காசிராஜன் ஏனோ சிரிப்பை அடக்கினான்.

குடித்து முடித்த பிச்சை, வாய் துடைக்கப் பையிலிருந்து துண்டை உருவினான். கூடவே வந்து விழுந்தது, தாராவிச் சுவரொட்டிகளில் எல்லாம் உறுமிக்கொண்டிருந்த அதே மஞ்சள் புலி முகமூடி!

அன்னத்தாய் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுளுக்கோட நிக்கவரைச் சாய்ச்சு எனக்கென்ன மைனி பெருமை? அண்ணன் தெம்பா வரட்டும், அப்புறம் சாய்க்கேன்" என்றான் ஈரான் புலி.

அன்னத்தாய் சூப் சட்டியைச் சட்டென்று கணவன் பக்கம் நகர்த்தினாள்.

"மிச்சம் பூரா ஒங்களுக்குத்தான்!"