திருத்துகிற கை

சங்கமித்ரா தனித்தேர்வராக எழுதப்போகும் அந்த மேல்நிலை ஆங்கிலத் தாளுக்கு அவள் பள்ளியில் வகுப்பே கிடையாது. கட்டுரை எழுதினால் திருத்தித் தரவும் ஆளில்லை. அதனால் வலது கையால் எழுதிவிட்டு, சிவப்புப் பேனாவை இடது கையில் பிடித்துத் தானே திருத்திக்கொண்டாள். கோணல் எழுத்து வேறு யாருடையதோ போல இருக்கட்டும் என்றுதான். முதலில் இடது கை பிழைகளை மட்டும் வட்டமிட்டது. போகப்போக அதற்குத் துணிச்சல் வந்துவிட்டது. எல்லாரும் மனம்விட்டுப் பேசுகிற வீட்டில் தான் வளர்ந்ததாக அவள் எழுதியிருந்த பத்தியின் ஓரத்தில், தமிழிலேயே, "யார் வீடு?" என்று கேட்டது. துணி மடிக்க வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "யாருடி இப்படிக் கேட்டது?" என்றவள், அப்பாவின் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கிழிச்சுப் போட்டுடு. அப்பா கண்ணுல பட்டுடப் போகுது." தேர்வில் குடும்பத்தைப் பற்றித்தான் கட்டுரை கேட்டிருந்தார்கள். மனப்பாடமாகியிருந்த முதல் வரிக்காக வலது கை பேனாவைத் தாளில் ஊன்றியதும், தாளை அழுத்திக்கொண்டிருந்த இடது கை எழுந்து வந்து அதன் மணிக்கட்டைப் பற்றியது. உதறிப் பார்த்தாள், விடவில்லை. "என்னம்மா, கை வலிக்குதா? நேரம் போகுது பாரு," என்றார் கண்காணிப்பாளர். கடைசியில் பேனாவை இடது கையிடமே கொடுத்தாள். அது அவசரப்படாமல், கோணல்மாணலாக, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியது: எங்கள் வீட்டில் ஒருவர்தான் பேசுவார்.