பதினொன்னே முக்கால்

1982 புத்தாண்டுக் காலை. கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் விசாரணை.

"நேத்து ராத்திரி தூள் மூட்டையைத் தூக்கிட்டுப் போனது பக்கிரிசாமிதான், தொரை. நானே பார்த்தேன்," என்றார் கங்காணி வடமலை.

பக்கிரிசாமிக்கு வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

"அப்ப மணி என்ன?" என்றார் மானேஜர் துரை.

"இதோ, இந்தச் சுவர்க் கடிகாரத்துல பார்த்தேன். பதினொன்னே முக்கால்."

"நல்லாப் பார்த்தியா?"

"சாமி சத்தியமா!"

துரை எழுந்தார். "பக்கிரி, நீ வேலைக்குப் போ. கங்காணி, மூட்டையை எங்க வச்சிருக்க?"

"தொரை...?"

"ராத்திரி நாடு பூரா கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளச் சொல்லி கவர்மென்ட் உத்தரவு. பதினொன்றரை ஆனதும் இதைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வச்சதே நான்தான். பதினொன்னே முக்கால் நேத்து ராத்திரி வரவே இல்லய்யா!"