இருக்கிற வீடு

"நீங்க ஈக்கிற ஊடா அது?"

மௌலவி கேட்டது அவ்வளவுதான்.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்று கேட்ட சாதாரணக் கேள்வி. ஹாஷிம் ஏனோ, "ஓ, நான் ஈக்கிற ஊடுதான்" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஈக்கிற ஊட்டுக்கு ஸகாத் இல்ல. கணக்குல சேக்க வாணாம்."

ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் கடைச் சரக்கை மதிப்பிட்டு ஏழைகளுக்கு ஸகாத் கொடுப்பவருக்கு இது தெரியாத சட்டமில்லை. தெரிந்துகொண்டேதான், அன்று கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து, வீட்டையும் ஸகாத் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று மௌலவியிடம் கேட்டார். வேறொரு ஆள் வேறு மாதிரிச் சொல்லியிருந்தான். அதற்கு எதிராக யாராவது பேசினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

அந்த ஆள் நளீர், மனைவி கைரியாவின் தம்பி. வங்கியில் வேலை. கண்டியில் இருக்கும் ஹாஷிமின் பாத்திரக் கடைக்கு வந்து, ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தபடியே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். இந்த வயதிலேயே கடையை மூடிவிட்டுக் காலை நீட்டி உட்கார வேண்டுமென்றால் கையில் இருப்பது போதாது. அலவத்துகொடவில் அவர் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்துப் பார்த்தால் தாராளம்.

சேர்ப்பது என்றால் விற்பது. விற்றுவிட்டு எங்கே காலை நீட்டுவது என்று ஹாஷிம் கேட்டார். சின்னதாக ஒரு வாடகை வீடு போதுமே, தனி ஆளுக்கு எத்தனை அறை வேண்டும் என்றான் நளீர்.

தனி ஆளா? நல்ல கதை. பெண்சாதி இருக்கிறாள், கத்தாரில், மகள் வீட்டில். மகளின் பேறுகாலம் பார்க்கப் போனவள். பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள். நடக்கட்டும் என்றாள். இப்போது அது நர்சரிக்குப் போய் அரபியில் பாட்டுப் பாடுகிறதாம்.

கடையை மூட நினைத்ததே அவளுக்காகத்தான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே குறை அந்தக் கடை. விடிகாலை சுபஹுக்குப் பின் கண்டிக்கு பஸ் ஏறினால் இரவு இஷாவுக்குப் பின்தான் வீடு. பெருநாள் காலத்தில் அதுவும் இல்லை, கடை மேல்மாடியிலேயே தூக்கம். "எங்க ஈக்கீங்க?" என்று அவள் ஃபோனில் கேட்டால் "கடையில" என்று இவர் யோசிக்காமல் சொல்வார். ஊட்டுல ஈக்க ஏலாட்டி எதுக்கு ஊடு கட்டின என்று ஒருநாள் கேட்டாள். வேலை அதிகம், பதில் சொல்ல நேரமில்லை.

இனி வீட்டிலேயே இருப்பேன், வா என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு வீட்டை விற்க வேண்டியிருக்கிறது. என்ன கூத்து இது.

மௌலவியின் கணக்கு வேறு, நளீரின் கணக்கு வேறு என்பது ஹாஷிமுக்குத் தெரியும். இருந்தாலும் சேர்க்க வேண்டாம் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டார். இனி கைரியாவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். 'என்ட ஊட்டயா?' என்று அவள் அலறுவாள். அலற வேண்டும். அலறினால் இன்னும் பத்து வருஷம் கடையைத் திறக்கலாம், அவள் வருவாள் என்று நம்பிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து, நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது குசினியில் அடுப்புப் பக்கமாக உட்கார்ந்து ஃபோன் எடுத்தார்.

மேசையில் பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சி இருந்தது. நேரத்தோடு ஊர் வந்த நாட்களில் இன்னும் பழைய பெரிய பாத்திரத்தைத்தான் கொண்டுபோகிறார். சின்னதைக் கொண்டுபோனால் வரிசையில் நிற்பவர்கள் கைரியாவை விசாரிப்பார்கள். மிஞ்சுவதை விடியுமுன் ஸஹருக்கும் குடித்துத் தீர்ப்பார்.

கத்தாரில் பின்னால் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. ஹாஷிம் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். நளீர் ஒரு யோசனை சொல்கிறான், வீட்டை விற்றால் கடையை மூடிவிடலாமாம்.

"நல்லந்தானே," என்றாள் கைரியா உடனே. "வித்திடுங்க. ஆளில்லாத ஊட்ட வெச்சிட்டு எனத்த செய்ற?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். குத்தலாகவும் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடுங்கள் என்பது போலச் சொன்னாள்.

ஹாஷிம் குசினியைப் பார்த்தார். அவள் தைத்துப் போட்ட திரை. கவிழ்த்து வைத்த ஒற்றைக் கோப்பை. அவள் உட்காரும் கதிரை, மேசைக்கு அந்தப் பக்கம். நான் இருக்கிறேனே என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"கேக்குதா? இப்ப எங்க ஈக்கீங்க?"

"கடையில."

வாய் தானாகச் சொல்லிவிட்டது, இத்தனை வருஷப் பழக்கம். திருத்துவதற்குள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கண்டியில் கேட்கும் பாங்கு இல்லை. அலவத்துகொடப் பள்ளியில் கைரியாவின் சாச்சா சொல்லும் பாங்கு. அவர் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் மூச்சு வாங்குவார், அதற்கு அவள் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இதே மேசையில் அவள் நோன்பு திறந்தாள், பெரும்பாலும் தனியாக.

மறுபக்கம் பிள்ளையின் சத்தம் நின்றது. பாங்கைக் கேட்கவென்று கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாச்சா மூச்சு வாங்கினார். கைரியா சிரிக்கவில்லை.

பாங்கு முடியும்வரை இருவரும் ஃபோனை வைக்கவில்லை.

"சரி," என்றாள் கைரியா. "கடையில வேலையாக்கும். நோன்பத் தொறங்க."