தோளில் நின்ற ஃபிராக்

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, அண்ணி? மறுபடியும் சின்னதாத் தச்சு வெச்சிருக்கீங்களே!"

அம்மா போட்ட சத்தத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

கூடத்தின் நடுவில் பாப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். தலை வழியாக நுழைந்த மஞ்சள் ஃபிராக் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்குவேனா என்றது.

"அந்தக் காலத்துப் புத்தகம்மா... கோட்டு மேலயே வெட்டிட்டேன். தையலுக்குத் துணி விட மறந்துட்டேன்" என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. தொங்கிய தலை நிமிரவில்லை.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அந்த அட்டை கிழிஞ்ச புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கன்னா கேக்கறீங்களா?"

பழைய புத்தகக் கடையில் அத்தை கண்டெடுத்த தையல் புத்தகம் அது. பஃப் கை, வட்டக் காலர், இடுப்பில் பெரிய முடிச்சு. அந்தப் படங்களில் சிரிக்கிற குழந்தைகள் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அதில் போட்டிருக்கிற கோட்டுக்கு வெளியே கொஞ்சம் துணி விட்டுத்தான் வெட்ட வேண்டும். விடாவிட்டால் இப்படித்தான் இறுக்கிப் பிடிக்கும்.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. அக்காவை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. இப்போது அவர் போட்டிருக்கும் சட்டைகூட அக்கா தைத்ததுதான். அவ்வளவு கச்சிதம். அப்பேர்ப்பட்டவளை, அதுவும் சித்தியை எதிரில் வைத்துக்கொண்டு!

சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, சோஃபா நுனியில் நெளிந்துகொண்டிருந்தாள். பாப்பாவைவிட ஒரு சுற்றுச் சின்னதான அவள் பெண் வாண்டு அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. வாண்டு வந்தாலே அத்தை விடமாட்டாள். வாரி அணைத்து, கையை விரித்து முதுகு முழுக்கத் தடவி, "வளந்துட்டியேடி கழுதை!" என்பாள்.

சித்தப்பாவுக்கு வேலை போனதிலிருந்து சித்தி யாரிடமும் ஒரு துரும்பு வாங்குவதில்லை. திங்கட்கிழமை ஸ்கூல் விழாவில் வாண்டு மேடை ஏறிப் பாட வேண்டும். நல்லதாக ஒரு உடுப்பு கிடையாது. போன வாரம் அப்பா ஆசையாக ஒரு கவுன் வாங்கிப் போனார். "வேணாம் மாமா. அவரே வாங்கித் தருவாரு" என்று பையோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு மனசே விட்டுப்போனது.

"நல்ல துணி! இப்படிப் பாழாப் போச்சே!" அம்மா விடுகிறதாக இல்லை.

"விடுக்கா. அவங்க முகத்தைப் பாரு" என்றாள் சித்தி. "நான் வேணா வாண்டுக்குப் போட்டுப் பாக்கறேன். வீணாப் போச்சேன்னு அவங்க மருக வேண்டாம்."

"எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படாம இருந்தாச் சரி."

சித்தி ஃபிராக்கை மடித்து எடுத்துக்கொண்டு, வாண்டுவோடு கிளம்பினாள். பாப்பா தெருமுனை வரை வழியனுப்ப ஓடினாள்.

அப்பா சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது. விறுவிறுவென்று தையல் மிஷின் இருக்கும் அறைக்குப் போனார். உள்ளே பேச்சுக் குரல்.

"பொடனின்னு சொன்னது ரொம்ப ஓவரோ, அண்ணி? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"சேச்சே, அதுதான் நல்லா இருந்தது. போன தடவை நீ மெதுவாத் திட்டினே, அவ தயங்கி, வாங்காமயே போயிட்டா. நீ என்னை எவ்வளவு திட்டறியோ, அவ்வளவுக்கு அவளுக்கு என் மேல பாவமா இருக்கு. எனக்கு ஒத்தாசை பண்றதா நினைச்சுத்தானே எடுத்துட்டுப் போறா!"

"வாண்டுக்கு அளவு சரியா இருக்குமா?"

"கட்டிப்பிடிச்சு எடுத்த அளவும்மா. பிசகாது."

அப்பா அறைக் கதவருகிலேயே நின்று, மடித்த சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். கண் வேறு கலங்கித் தொலைத்தது.

"அக்கா, ஒரு நிமிஷம்!"

குரல் கேட்டு அம்மாவும் அத்தையும் கூடத்துக்கு வந்தார்கள். சித்தி திரும்பி வந்திருந்தாள். ஃபிராக்கின் கீழ் ஓரத்தை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"உள்ள இவ்வளவு துணி மடிச்சு விட்டிருக்கே? துணி விட மறந்துட்டேன்னாங்க?"

அம்மாவும் அத்தையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வாண்டு வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளட்டும் என்று ஆசை ஆசையாக மடித்துத் தைத்த துணி அது.

"அது வந்தும்மா..." என்று இழுத்தாள் அத்தை.

"பிரிச்சுத் தச்சா பாப்பாவுக்கே ஆகுமே. புது ஃபிராக்கை நான் எதுக்கு..." சித்தி அதைத் திருப்பி நீட்டினாள்.

அப்பா பாய்ந்து வந்தார்.

"கீழே விட்டு என்னம்மா பிரயோஜனம்? தோள் ஏறலியே! விட வேண்டிய இடத்துல விடாம, வேண்டாத இடத்துல விட்டு வெச்சிருக்கா! எங்க அக்காவுக்குத் தைக்கவே தெரியாது. இந்தச் சட்டையைப் பாரு, கழுத்தை நெரிக்குது!"

காலரை இழுத்துக் காட்டி இருமினார் வேறு.

அத்தை சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சித்தி பதறிப்போனாள்.

"நீங்களுமா மாமா? பாவம், அழறாங்க பாருங்க!" நீட்டிய ஃபிராக்கை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அழாதீங்க அண்ணி. திங்கட்கிழமை என் பொண்ணு இதைத்தான் போட்டுக்கிட்டு மேடை ஏறப் போறா. உங்களுக்குத் தைக்கத் தெரியாதுன்னு யார் சொல்றாங்கன்னு நானும் பாக்கறேன்!"