வாசல் பொறுப்பு

இருட்டிய பிறகு மணலில் எதையோ இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. உள்ளேயா வெளியேயா என்று தெரியவில்லை. பொந்துக்குள் குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி பேசிக்கொண்டிருந்த தாய் எலிகள் பேச்சை நிறுத்தின.

“இனிமேல் யாரு என்னன்னு விசாரிச்சுத்தான் உள்ளே விடணும், பிலோமி,” என்றது செலின் எலி.

“விசாரிச்சா மனசு நோகும்டி. இங்கே வர்ற எல்லாரும் அம்மாதானே,” என்றது தாய்மார்களுக்கென்று இந்தப் பொந்தை ஆரம்பித்த பிலோமி.

“வர்றவங்களை நீ கண்ணால பார்த்தியா? இந்த இருட்டுல குரல்தானே கேக்குது.”

சண்டை பிடித்து, கடைசியில் வாசலுக்கு ஒரு காவல் வைப்பதென்று முடிவானது. ஆனால் எல்லோருக்கும் கைக்குட்டிகள், யாருக்கும் நேரமில்லை.

“நான் பார்த்துக்கறேனே,” என்றது மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல். வந்து நாலு நாள்தான். ஆனாலும் யார் குட்டிக்குக் காய்ச்சல், யார் குட்டி எங்கே படுக்கிறது என்று அதுதான் தினமும் அக்கறையாகக் கேட்கும்.

“அக்காவே இருக்கட்டும். அவங்க தூங்கறதே இல்லை,” என்றது பிலோமி. மற்றவை நிம்மதியாகத் தலையாட்டின.

செலின் மட்டும் கேட்டது: “அக்கா, உங்களுக்கு எத்தனை குட்டி?”

காலில்லாத, நீளமான, குளிர்ந்த உடம்பொன்று செலினை உரசிக்கொண்டே வாசல்வரை போனது. பிறகு உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.