தேறாத தளம்

“இன்னும் ரெண்டு நிமிஷம் பாருங்க. சில நேரம் லேட்டாத்தான் உறிஞ்சும்,” என்றாள் மனைவி. முகத்தில் அத்தனை கவலை.

அவர் பின்வாசல் பலகைத் தளத்தில் மண்டியிட்டு, ஒரு கண்ணால் கைக்கடிகாரத்தையும் மறு கண்ணால் பலகை மேல் நின்ற தண்ணீர்ச் சொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நிமிடம் ஆகியும் சொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

மரச்சாய டப்பாவின் மேல் தெளிவாக எழுதியிருந்தது. கழுவிக் காயவைத்த பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். பத்து நிமிடத்தில் உறிஞ்சினால் சாயம் பூசலாம். நின்றால் பழைய பூச்சு போகவில்லை, மறுபடி கழுவ வேண்டும். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் தரம் பார்த்தவருக்கு எழுதியிருப்பதுதான் வேதம்.

ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சமையலறையை இன்னொரு தொழிற்சாலை ஆக்கிவிட்டார். உப்பு டப்பாவில் தேதி, எடை, பொறுப்பாளர் என்று சீட்டு ஒட்டினார். அரிசி கொதிக்கும்போதெல்லாம் கரண்டியோடு மாதிரி எடுக்க வந்து நின்றார். கீறல் விழுந்த தட்டுகளை எல்லாம் பொறுக்கி, ‘தேறாதவை’ என்று எழுதிய அட்டைப்பெட்டியில் போட்டார். தேறியது இரண்டே தட்டு.

போன சனிக்கிழமைதான் மனைவி பேச்சை எடுத்தாள்.

“பின்னாடி தளம் வெளுத்துப் போச்சுங்க. மழைக்கு முன்னாடி சாயம் அடிக்க ஆள் சொல்லவா?”

“ஆள் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு வாரம் போதும்.”

“அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தளம் சாயத்துக்குத் தயாராகலேன்னா?”

“ஆகலேன்னா உன் சமையலறைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். போதுமா?”

போதாது என்று அவளே காகிதமும் பேனாவும் எடுத்துவந்தாள். அவரும் கையெழுத்துப் போட்டுக் கீழே தேதியும் போட்டார்.

அந்தத் தளம் இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மைத்துனன் கூடவே நின்று போட்டுக்கொடுத்தது. அப்போதெல்லாம் இவர் விடியும் முன் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். குப்பை வாளியோடு கடந்து போனதைத் தவிர அந்தத் தளத்தோடு அவருக்குப் பழக்கமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தபோது அசந்துபோனார். ஒவ்வொரு பலகையிலும் முனையிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு முடிச்சு, அதன் பக்கத்தில் வால் போல ஒரு கோடு. நாற்பத்தாறு பலகையிலும் அச்சு அசல் அப்படியே. “இதுக்குப் பேருதான் தரம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய மைத்துனன்மேல் அன்று கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

அன்றே நாற்காலிகளையும் பூந்தொட்டிகளையும் அகற்றி, பழைய கத்தியால் இடுக்கு இடுக்காக அழுக்கைச் சுரண்டினார். திங்கட்கிழமை கழுவும் மருந்தை ஊற்றி, ரேகை ஓடும் பக்கமாகவே நார் பிரஷால் தேய்த்து அலசினார். இரண்டு நாள் காயவிட்டார்; துணி உலர்த்தக்கூட மனைவியை அந்தப் பக்கம் விடவில்லை. புதன்கிழமை மாலை சொட்டு விட்டார். நின்றது.

வியாழக்கிழமை மருந்தை இரட்டிப்பாக்கினார். சொட்டு நின்றது. வெள்ளிக்கிழமை உப்புத்தாளை எடுத்து உள்ளங்கை கொப்புளிக்கும்வரை தேய்த்தார். பலகை லேசாக மங்கியதே தவிர, சொட்டு முன்னைவிட ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“பாவம், எவ்வளவு பாடுபடுறீங்க,” என்று மனைவி வேளாவேளைக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் இவ்வளவு அன்பாக இருந்து அவர் பார்த்ததில்லை.

இன்றைக்குக் கடைசி நாள். கடிகாரத்தில் பத்து நிமிடம் முடிந்தது. சொட்டு அசையவில்லை.

அவர் நோட்டை எடுத்து ‘தேறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ பேருடைய வேலையைத் தள்ளியிருக்கிறார். தன் வேலையைத் தானே தள்ளியது இதுதான் முதல் தடவை. நிஜமாகவே அழுகை வந்தது.

“அதனால என்னங்க, மழை முடிஞ்சதும் மெதுவா மறுபடி ஆரம்பிங்க,” என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்து சேர்ந்தான். வேலை விஷயமாக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தவன். மண்டியிட்ட மாமாவையும் சாய டப்பாவையும் கிழிந்த உப்புத்தாள்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன மாமா இது, இதுக்குப் போயி...”

“நீ உள்ள வாடா, டீ ஆறுது,” என்று அக்கா அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் பிரஷையும் வாளியையும் ஒழுங்காக அடுக்கிவைத்தார். உள்ளங்கை எரிந்தது. கொஞ்சம் எண்ணெய் தடவலாம் என்று பழக்க தோஷத்தில் சமையலறைக்கு நடந்தவர், வாசலில் ஒரு காலை உள்ளே தூக்கி வைக்கப் போகும்போதுதான் கையெழுத்து ஞாபகம் வந்து, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

உள்ளே அட்டைப்பெட்டியிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாக அலமாரிக்கு ஏறும் சத்தம் கேட்டது. மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் கேட்க அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மைத்துனனின் குரல் முந்திக்கொண்டது.

“ஏன்க்கா, அது பிளாஸ்டிக் பலகைன்னு மாமாகிட்ட இன்னுமா சொல்லல?”