அறுபது மைல் தள்ளி

"சத்தம் கேக்குதா இல்லையா?"

"இல்லை."

"நல்லாக் கேளு வெர்ன். டக் டக்னு வலது பக்கத்துல வருது."

வெர்னன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு மேல் குனிந்து காதைக் கொடுத்தார். முப்பத்தாறு வருடம் கன்சாஸில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வாங்கிய, படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கும் இந்த வீட்டு வண்டியில் அவர் கை படாத திருகு கிடையாது.

"டக்கும் இல்லை, டிக்கும் இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடுது."

"எனக்குக் கேக்குது. இந்தச் சத்தத்தோட நான் மலை ஏற மாட்டேன்."

லோர்னா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து நாளாக இதே பேச்சு. ஆயிரம் மைல் ஒரு முனகல் இல்லாமல் வந்த வண்டி. பிக் டிம்பர் ஊரில், இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் இந்த முகாமுக்குள் நுழைந்த அன்றுதான் லோர்னாவுக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மகள் வீடு இருக்கும் போஸ்மன், மலையைத் தாண்டி இங்கிருந்து அறுபதே மைல். பேரன் பேத்தியைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது.

முகாம் அலுவலகத்தில் இருந்த ரோண்டா, அவர் முகத்தைப் பார்த்ததுமே பதிவேட்டைத் திறந்தாள்.

"இன்னும் ஒரு நாளா?"

"ஆமா."

"பேரப்பிள்ளைங்களை எட்டிப் பிடிக்கிற தூரத்துல வச்சுக்கிட்டு இங்க உக்காந்து காத்து வாங்கறீங்களே. மாப்பிள்ளையோட சண்டையா?"

"வண்டில சத்தம்."

"மெக்கானிக்னு சொன்னீங்க."

"எனக்குக் கேக்கல. அவளுக்குத்தான் கேக்குது."

ரோண்டா பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல இல்லாத சத்தம். அப்புறம் எந்த ஊர்ல இருக்கோம்ங்கறதே மறந்து போச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

வெர்னனுக்கு அவள்மேல் கோபம் வந்தது. திரும்பி வரும்போது கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

வண்டிக்குள் லோர்னா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேரன் வெஸ்லி.

"இல்லடா கண்ணு, நாங்க இன்னும் வயோமிங்லதான் இருக்கோம். ஷெரிடன்ல. தாத்தா வண்டிக்கு அடியில படுத்து வேலை பாக்கறாரு."

வெர்னன் படியிலேயே நின்றுவிட்டார். வயோமிங் எல்லையைத் தாண்டி ஐந்து நாளாகிவிட்டது. பொய் சொல்கிறாளா? பிள்ளையிடமா? இல்லை, உண்மையாகவே அங்கே இருப்பதாக நினைக்கிறாளா? எது பரவாயில்லை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். "லோர்னா, இது எந்த ஊரு?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன வெர்ன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை லோர்னா அழுக்குத் துணிக் கூடையோடு முகாமின் சலவைக் கூடத்துக்குப் போனாள். போனை மேஜையிலேயே விட்டிருந்தாள். அது அடித்தது. மகள் டெனிஸ்.

"அப்பாவா? அம்மா எங்க?"

"துணி துவைக்கப் போயிருக்கா. டெனிஸ், அம்மாவைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு பேசணும்..."

"இருங்கப்பா, முதல்ல நான் சொல்லிடறேன். மாமியாரை பஸ் ஏத்திட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன்."

"இர்மாவா? இர்மா எப்ப வந்தாங்க?"

"அம்மா சொல்லலையா? அவங்களுக்கு லீவு திடீர்னு இந்த வாரத்துக்கு மாறிடுச்சு. நீங்க கிளம்பின மறுநாளே அம்மாகிட்ட போன்ல சொன்னேனே. நீங்களும் வாங்க, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்னுதான் சொன்னேன். அதுக்குள்ள உங்க வண்டி மக்கர் பண்ணிடுச்சு."

வெர்னன் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்கப்பா. அது கெட்டதும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. போன வருஷம் நீங்களும் அவங்களும் ஒரே நேரத்துல வந்தீங்களே, பிள்ளைங்க ராத்திரி பகல் உங்க வண்டியை விட்டு இறங்கவே இல்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதுலதான். பாவம், இர்மா சமையலறையில தனியா உக்காந்திருந்துட்டு ரெண்டாம் நாளே ஊருக்குப் போயிட்டாங்க. இந்தத் தடவை வாரம் பூரா பிள்ளைங்க ரெண்டு பேரும் அவங்க கழுத்தைக் கட்டிக்கிட்டே கிடந்தாங்க. பஸ் ஏறும்போது அந்த மனுஷி முகத்தைப் பாக்கணுமே."

"ம்."

"பதினொரு மணிக்கு பிக் டிம்பர்ல காபி குடிக்க நிறுத்துவாங்களாம். எனக்கு எல்லா ஊர்லேருந்தும் படம் அனுப்பப் போறாங்களாம். சரி, அம்மாவைப் பத்தி என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்கா."

போனை வைத்தார். தன்னிடம் ஏன் மறைத்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. வெஸ்லி கேட்டிருந்தால் அடுத்த நிமிடமே தான் உளறியிருப்போம் என்பதும் தோன்றியது.

ஜன்னலுக்கு வெளியே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க், அதை ஒட்டி ஒரு காபிக் கடை, பஸ் நிற்கும் பலகை. கடிகாரம் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் காட்டியது. அவர்கள் வண்டியின் முதுகில் இரண்டு பேருடைய பெயரும் ஊரும் கையகல எழுத்தில் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெர்னன் எஞ்சினைக் கிளப்பினார்.

லோர்னா ஈரத்துணிக் கூடையோடு வேகமாக வந்தாள். "எங்க கிளம்பிட்டே?"

"பின்னாடி நின்னு பாத்துச் சொல்லு."

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போய் இரண்டு கையையும் உயர்த்தினாள். அவர் கண்ணாடியில் அவள் கைகளைப் பார்த்தபடி, அடி அடியாகப் பின்னுக்கு எடுத்து, முழு வண்டியையும் சலவைக் கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய், சாலையிலிருந்து தெரியாத இடத்தில் நிறுத்தினார்.